மீனின் வயிற்றுத் தையல்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அது என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது. அழகுக்காக இப்படிச் சொல்லவில்லை, நடந்ததையே சொல்கிறேன். ஆற்றுவிழாவின் இறுதி நாள் மாலை. கரையோரத் தடுப்புக் கம்பிகளுக்குப் பின்னால் ஊரே நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தது. நடு ஆற்றில் நங்கூரமிட்டிருந்த மிதவையிலிருந்து வாணவெடிகள் சீறிக் கிளம்பத் தொடங்கியிருந்தன. அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் மட்டும் கீழே, தண்ணீரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே என் சட்டைக் கையைப் பற்றினாள்.

“ஐயா, அந்த மீனு அசையுதா பாருங்க. எனக்குக் கண்ணு நிலைக்க மாட்டேங்குது.”

மீன் என்று அவள் சொன்னது ஓர் அலங்காரப் படகை. அவளுடைய இடக்கை ஆள்காட்டி விரலில் வெள்ளை நூல் சுற்றியிருந்தது. விரல்நுனி கன்றிப் போகும் அளவுக்கு இறுக்கமாகச் சுற்றியிருந்தது.

எனக்கு உறுதியாகத் தெரிந்தவை இவ்வளவே: ஒரு பெண், ஒரு நூல், ஒரு மீன், ஒரு கேள்வி. மற்றவை அனைத்தும் நான் கட்டியவை. அவள் குரலில் இருந்த அச்சம் என்னைத் தொற்றிக்கொண்டுவிட்டது. எதற்கு அஞ்சுகிறோம் என்று தெரியாமல் அஞ்சுவது கொடுமை; அதற்கு ஒரு காரணத்தையாவது கட்டிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கட்டிக் கொடுத்த பிறகு அச்சம் கூடிற்றே தவிரக் குறையவில்லை.

அன்று நான் ஆற்றில் என்ன கண்டேன் என்பதை உரிய இடத்தில் சொல்கிறேன். முதலில் கதை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘ஆண்டுதோறும் நடைபெறும் ஆற்றுவிழாவானது மக்கள் மனங்களில் மகிழ்ச்சி வெள்ளத்தைப் பெருக்கெடுத்து ஓடச் செய்கின்ற ஓர் ஒப்பற்ற’

அடித்துவிட்டேன். ஆற்றங்கரையில் நின்றுகொண்டு மகிழ்ச்சி வெள்ளம் என்று எழுதுகிறவன் ஆற்றையும் பார்த்ததில்லை, வெள்ளத்தையும் பார்த்ததில்லை. அடித்த வரியை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். இப்படித்தான் விழா மலர்களில் எழுதுகிறார்கள். அவற்றைப் படித்துவிட்டுத்தான் பிள்ளைகளும் எழுதுகிறார்கள்.

இரண்டாவது தொடக்கம்:

‘அவள் ஒரு தையல்காரி. அவளுடைய தம்பி மீனின் வயிற்றுக்குள் இருந்தான்.’

இது நின்றுவிட்டது. இரண்டாவது வாக்கியத்தை எழுதி முடித்ததும் பேனாவை மூடினேன். எழுந்து போய்க் கூடத்து விளக்கைப் போட்டுவிட்டு வந்தேன். என் மனைவி வந்து பார்த்தாள்.

“பட்டப்பகல்ல எதுக்கு லைட்டு?”

“எழுத வெளிச்சம் போதலை” என்றேன். சன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

3

அவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. தெருவில் அவளை எல்லாரும் டெய்லரக்கா என்கிறார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் அழைக்கிறார்கள். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கும் மருந்துக்கடைக்கும் இடையில், கையை நீட்டினால் இரு சுவர்களும் தட்டுகிற அகலத்தில் அவள் கடை. இரண்டு தையல் இயந்திரங்கள், துணி வெட்டும் மேசை, சுவர் முழுக்கக் கொடியில் தொங்கும் பள்ளிச் சீருடைகள். கடையின் மூலையில் காஜாக்காரர் உட்கார்ந்திருப்பார். பொத்தான் நுழையும் ஓட்டைகளுக்குக் கரை கட்டுவது அவர் வேலை. அதைத் தவிர வேறு எதையும் அவர் தைத்து யாரும் பார்த்ததில்லை.

அவளுக்கு ஒரே தம்பி. படகு மோட்டார் பழுது பார்ப்பவன். ஒல்லியான உடம்பு, சற்றே பெரிய தலை; ஆகையால் அவனுக்குக் குண்டூசி என்று பெயர் விழுந்துவிட்டது. அவனை மீனுக்குள் படுக்க வைத்ததற்கும் அந்த உடம்புதான் காரணம்.

ஆற்றுவிழாவின் அலங்காரப் படகுப் போட்டியைக் காணாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். ஒவ்வொரு தெருவும் ஒரு மோட்டார் படகை எடுத்துக்கொண்டு, அதன்மேல் கம்பிக் கூடு கட்டி, துணி போர்த்து, வண்ணம் பூசி, ஏதோ ஓர் உருவமாக்கும். கடிகாரம் மிதந்து வரும். தேநீர்க் கோப்பை மிதந்து வரும். இந்த ஆண்டு இவர்கள் தெரு மீன் செய்தது. பிஸ்கட் பொட்டலங்களின் பளபளக்கும் உட்புறத்தைச் செதில் செதிலாக வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

போட்டியின் விதி ஒன்று: படகை ஓட்டுகிறவன் கண்ணில் படக் கூடாது. தையல் தெரியக் கூடாது, கயிறு தெரியக் கூடாது, ஆள் தெரியக் கூடாது. உருவம் தானே நீந்தி வருவதுபோல் இருக்க வேண்டும். அதற்குத் தனியே மதிப்பெண் உண்டு. ‘முழுமை’ என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே ஓட்டுகிறவன் உருவத்தின் வயிற்றில் இருக்கும் ஒரு மடலைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைவான். அலங்காரக்காரர் அந்த மடலை வெளியிலிருந்து தைத்து மூடிவிடுவார். தைத்த தடத்தின்மேல் செதில்களை ஒட்டி மறைப்பார். நடுவர் மேடையைக் கடந்ததும் படகு கீழ்த்துறைக்கு வரும். அலங்காரக்காரர் குனிந்து தையலை அறுத்துவிடுவார். அதன் பின்னரே படகு நடு ஆற்றுக்குப் போய், விளக்குகளை எரியவிட்டு, வாணவேடிக்கை முடியும் வரை அசையாமல் நிற்கும்.

அறுத்தே ஆக வேண்டும். விளக்குகள் எரிவதற்காக மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். படகு ஓடும்போது மீனின் வாய் வழியே காற்று வரும், நின்றுவிட்டால் வராது. மோட்டாரின் புகை வயிற்றுக்குள்ளேயே சுற்றும். அது மூச்சை அடைத்து எச்சரிப்பதில்லை. தூக்கம்போல வரும். தூக்கம் என்றே எண்ணிக்கொண்டு போய்விடுவார்கள்.

கவனியுங்கள்: தைக்க வேண்டும் என்பது விதி. அறுக்க வேண்டும் என்பது விதியில் இல்லை. விதி எழுதியவர்களுக்கு அது தோன்றவில்லை. அது அலங்காரக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம். ஒருவர் செய்வதைப் பார்த்து மற்றவர் செய்வது. வாழ்நாள் முழுவதும் மதிப்பெண் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: உள்ளே இருக்கும் உயிரை மறைப்பதற்கு மதிப்பெண் தருகிறவன் எந்தத் தேர்வையும் நடத்தத் தகுதியற்றவன்.*

* இந்த வாக்கியம் கதைக்கு வேண்டியதில்லை என்று மனைவி சொன்னாள். எனக்கு வேண்டும்.

4

ஊர்வலம் தொடங்கும் முன், மேல்துறையில், தம்பி மீனுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டான். தலை மீனின் வாய்க்கு நேரே. வாயில் வலைத்துணி கட்டியிருந்தது. அதன் வழியே ஆறு தெரியும். சுக்கான் பிடி கைக்கருகில். கால்கள் பின்னால், மடலுக்குப் பக்கத்தில்.

அவள் கரையில் மண்டியிட்டு ஊசியில் நூலைக் கோத்தாள்.

“அக்கா, ஊசி என் மேல குத்தாம பாத்துக்கோ” என்றான் உள்ளிருந்து.

“குண்டூசியை ஊசி குத்துமாடா. பேசாம படு.”

காஜாக்காரர் செதில்களையும் பசைக் கிண்ணத்தையும் பிடித்துக்கொண்டு நின்றார். “தம்பி, மேடைக்கு நேரா போறப்ப ஒரு கொட்டாவி விடு. மீனு வாயைத் தொறக்குதுன்னு மார்க்கு சேத்துப் போடுவாங்க.”

“நீங்க காஜா போட்ட சட்டையில பொத்தான் நுழையறதுக்குள்ள ஸ்கூல் பெல் அடிச்சிருது. நீங்க மார்க்கைப் பத்திப் பேசறீங்களா?”

“நுழையற பொத்தானா வாங்கச் சொல்லு உங்கக்காவை.”

“ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா? தையல் கோணுது” என்றாள் அவள். மதியமே வால் பக்கத்தில் ஒரு தையல் கோணிப்போய், அதைப் பிரித்துவிட்டு மீண்டும் தைத்திருந்தாள். பிரித்த நூலை விரலில் சுற்றிக்கொள்வது அவளுக்குப் பழக்கம். கடையில் கீழே போட்டால் இயந்திரத்தின் சக்கரத்தில் சிக்கிக்கொள்ளும். அதனால் வந்த பழக்கம். கடைக்கு வெளியிலும் அவள் கை அதையே செய்யும்.

கடைசி முடிச்சைப் போடும்போது அவள் குனிந்து மடலின் அருகில் வாயை வைத்துச் சொன்னாள்: “நடு ஆத்துக்குப் போயி நின்னதும் மடலை எத்தித் தொறந்துடு. மறக்காத.”

“தொறந்துட்டு உனக்கு வாலை ரெண்டு ஆட்டு ஆட்டிக் காட்டுறேன்.” வாலில் கட்டிய கயிறு அவன் காலில் மாட்டியிருந்தது. “வாலு ஆடிச்சுன்னா நான் நல்லாயிருக்கேன்னு அர்த்தம்.”

“ஆடலைன்னா?”

“ஆடலைன்னா தூங்கிட்டேன்னு அர்த்தம்.”

அவள் சிரித்தாள். காஜாக்காரரும் சிரித்தார். எழுதும்போது நானும் சிரித்தேன். மூன்றாம் பகுதியில் தூக்கத்தைப் பற்றி நானே எழுதியது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது. இந்த வரியை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தால் கதை குலைந்துவிடும். அவன் அப்படிப் பேசுகிறவன்தான். அவனைப் பேசவிட்டது நான்.

5

இந்த இடத்தில் உங்களுக்குச் சில ஐயங்கள் எழுந்திருக்கும். என் மனைவிக்கும் எழுந்தன. அவள் நான் எழுதியதையெல்லாம் அடுக்களையில் நின்றுகொண்டே படிப்பாள். கரண்டியும் தாளும் ஒரே கையில் இருக்கும்.

“அவன்கிட்ட ஒரு கத்தி இருக்காதா? மெக்கானிக்குதானே?”

இருந்தது. முதல் எழுத்துப்படியில் அவன் கால்சட்டைப் பையில் ஒரு மடக்குக்கத்தி இருந்தது. இரண்டாம் படியில் அதை எடுத்துக் கரையில் கருவிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

“ஏன் எடுத்தீங்க?”

“குப்புறப் படுக்கறப்ப தொடையில குத்தும்.”

“துணிதானே, கையால கிழிச்சுக்கிட்டு வர மாட்டானா?”

கிழிக்கலாம், ஆனால் போன ஆண்டு காற்றில் துணி கிழிந்துபோனதால், இந்த ஆண்டு அவள் துணிக்கு அடியில் மெல்லிய கம்பி வலை ஒன்றை வைத்துத் தைத்திருக்கிறாள். தம்பியின்மேல் தீப்பொறி விழக் கூடாது என்பதற்காகவும்தான். அவளுடைய அக்கறையே அவனைச் சுற்றி வலையாகிவிட்டது.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “இதுவும் நீங்க பண்ணதுதானா?”

“அவதான் தைச்சா.”

“அவளைத் தைக்க வச்சது யாரு?”

வாசகரே, கதை எழுதுவது என்றால் கொடுப்பது என்றுதான் இதுநாள்வரை எண்ணியிருந்தேன்: உருவம் கொடுப்பது, பேச்சுக் கொடுப்பது, உயிர் கொடுப்பது. இந்தக் கதையில் நான் செய்ததெல்லாம் எடுத்தது. அவன் பையிலிருந்து கத்தியை எடுத்தேன். துணியிலிருந்து கிழியும் தன்மையை எடுத்தேன். இனி எஞ்சியிருப்பது ஒரு வழிதான். அந்த வழியில் இருப்பது அவளுடைய கத்தரிக்கோல்.

6

நடுவர் மேடையின் முன்னால் மீன் நீந்திச் சென்றது. நன்றாகவே நீந்தியது. மக்கள் கைதட்டினார்கள். செதில்கள் மாலை வெயிலைப் பிடித்து எறிந்தன. கரையோரமாகக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவளும் காஜாக்காரரும் கீழ்த்துறைக்கு விரைந்தார்கள்.

அவர்கள் துறையை அடையும்போது வானம் கறுத்துவிட்டது. ஒலிபெருக்கி கரகரத்தது: “மழை வருவதற்குள் வாணவேடிக்கை தொடங்கப்படும். ஒரு படகுகளும் துறையில் நிற்கக் கூடாது. உடனடியாக நடு ஆற்றிற்குச் செல்லவும்.”

ஒரு படகுகளும். ஒருமைக்கும் பன்மைக்கும் வேறுபாடு அறியாத அந்தக் குரலுக்கு அத்தனை படகுகளும் கீழ்ப்படிந்தன. துறையில் ஒரே தள்ளுமுள்ளு. கடிகாரம் தேநீர்க் கோப்பையை இடித்தது. தொண்டர்கள் மூங்கில் கழிகளால் படகுகளைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மீன் துறையை ஒட்டி வந்தது. அவள் குனிந்தாள். யாரோ அவள் தோளில் மோதினார்கள். யாரோ “நகருங்க, நகருங்க” என்றார்கள். பிறகு மீன் துறையிலிருந்து விலகிப் போய்க்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து நின்றிருந்தாள்.

(இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. அவள் குனிந்ததற்கும் நிமிர்ந்ததற்கும் நடுவில். ‘அவள் தையலை’ என்று தொடங்கி

அதற்குமேல் எழுதவில்லை. எழுத முடியாமல் இல்லை. அந்த வாக்கியத்தின் பயனிலையை எழுதிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். அவளுக்கே தெரியாத ஒன்றை அவளுக்கு முன்னால் நான் தெரிந்துகொள்வது முறையன்று.)

7

கரைக்கு வந்து தடுப்புக் கம்பியைப் பிடித்த பிறகுதான் அது அவளுக்குள் ஏறியது. முதலில் விரலைப் பார்த்தாள். நூல் இருந்தது. நல்லது, அறுத்துவிட்டேன் என்று எண்ணினாள். அடுத்த கணமே வால் பக்கத்தில் மதியம் பிரித்த தையல் நினைவுக்கு வந்தது. அதுவும் வெள்ளை நூல்தான். அதையும் இந்த விரலில்தான் சுற்றினாள். இது அந்த நூலா, இந்த நூலா?

“அண்ணே, நான் அறுத்தேனா?”

காஜாக்காரர் அண்ணாந்திருந்தார். “என்னத்தை?”

“மடலை.”

“நீங்கதானே குனிஞ்சீங்க.”

“குனிஞ்சேன். அறுத்தேனா?”

“குனிஞ்சா அறுக்காம என்ன பண்ணுவீங்க? காலைத் தொட்டுக் கும்பிடவா குனிஞ்சீங்க?”

“நீங்க பாத்தீங்களா?”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. “கோப்பைக்காரன் என் கால்ல ஏறி மிதிச்சான். நான் அவனைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அறுத்திருப்பீங்கக்கா. வருசா வருசம் அறுக்கறதுதானே?”

அதுதான் அவளை நடுங்க வைத்தது. வருசா வருசம் அறுப்பதால் அறுத்த நினைவு அவளுக்கு ஏராளமாக இருந்தது. கத்தரிக்கோல் நூலைக் கவ்வும் ஓசை காதில் இருந்தது. ஈரத் துணியின் வாடை மூக்கில் இருந்தது. மடல் தளர்ந்து கையில் விழும் கனம் இருந்தது. அவை எல்லாம் இன்றையவையா, போன ஆண்டினுடையவையா, அதற்கும் முந்தியவையா? கடையில் ஒரு நாளைக்கு எத்தனை முறை நூலை அறுக்கிறாள். ஒன்றையாவது அறுத்ததாக நினைவு வைத்திருக்கிறாளா? நன்கு பழகிய கை தன் வேலையை மனத்திடம் சொல்லிவிட்டுச் செய்வதில்லை. செய்யாமல் விட்டாலும் சொல்வதில்லை.

கைப்பேசியில் அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. வெடிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று காஜாக்காரர் சொன்னார். மீண்டும் அழைத்தாள். இந்த முறை இணைப்பே கிடைக்கவில்லை. கரையிலிருந்த அத்தனை பேரும் யாருக்கோ படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

“துறைக்குப் போயி தொண்டருங்க படகைக் கூட்டிட்டு வாங்கண்ணே.”

“வேடிக்கை முடியற வரைக்கும் எந்தப் படகையும் விட மாட்டாங்கக்கா.”

“போய்க் கேளுங்க.”

அவர் போனார். கூட்டத்துக்குள் அவர் தலை முழுகிப் போனதை அவள் பார்த்தாள்.

மிதவையிலிருந்து இன்னொரு வெடி ஏறியது. வானத்தில் பொன்னிறப் பூ விரிந்தது. ‘ஆ’ என்று கரை முழுதும் ஒரே குரல் எழுந்தது. அந்த வெளிச்சத்தில் மீன் தெரிந்தது. தன் இடத்தில், கடிகாரத்துக்கும் கோப்பைக்கும் நடுவில், இரு கண்களிலும் விளக்கெரிய நின்றிருந்தது. வால் நேராக இருந்தது. இருள் மூடியது. அடுத்த வெடி. மீன் தெரிந்தது. வால் நேராக இருந்தது. தீப்பொறிகள் தண்ணீரில் விழுந்து அவிந்தன. இருள். வெடி. வால்.

அவள் வெடிகளுக்காகக் காத்திருந்தாள். கரையில் நின்ற அத்தனை பேரும் வெடிகளுக்காகத்தான் காத்திருந்தார்கள். ஆனால் அவள் ஒருத்திக்கு மட்டும் அவை விளக்குகள். பிறகு புகை இறங்கி ஆற்றின்மேல் படியத் தொடங்கியது. மீனின் கண்கள் இரண்டும் மங்கின.

அப்போதுதான் அவள் பக்கத்தில் நின்றிருந்த ஒரு முதியவரின் சட்டைக் கையைப் பற்றினாள்.

8

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதல் முடிவு. வேடிக்கை முடிகிறது. புகை விலகுகிறது. மீன் துறைக்கு வருகிறது. மடலைத் தூக்கிக்கொண்டு தலை நீட்டுகிறான் தம்பி. “வாலை ஆட்டுனேனே, பாக்கலையா? பசிக்குதுக்கா.” அவள் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைக்கிறாள். இதை எழுதி முடித்ததும் நெஞ்சு இலேசானது. மறுநாள் படித்துப் பார்த்தேன், நம்ப முடியவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு வந்து எழுதியவன் தன்னைத் தேற்றிக்கொள்வதற்காக எழுதியது என்று ஒவ்வொரு சொல்லும் காட்டிக்கொடுத்தது.

இரண்டாம் முடிவு. துறையில் அவள் மீனின் பக்கவாட்டில் கையை வைத்துத் தடவுகிறாள். செதில்களுக்கு அடியில், அவளே தைத்த சின்னஞ்சிறு தையல்கள், ஒன்றுகூட விடாமல், வரிசையாக, முழுமையாக

இல்லை. இதை முடிக்க மாட்டேன்.

மூன்றாம் முடிவு என் மனைவியினுடையது. இரண்டாம் முடிவின் தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்:

“அவ தைக்கறப்பவே அவன் உள்ளேயிருந்து குதிகாலை மடல்ல முட்டுக் கொடுத்து வச்சிருப்பான். தையல் தொளதொளன்னு நிக்கும். ஒரு ஒதை விட்டா பிரிஞ்சிரும்.”

“எதுக்கு அப்படிப் பண்ணுவான்? அக்கா மேல நம்பிக்கை இல்லையா?”

“எந்தத் தம்பி அக்காவ நம்பியிருக்கான்? எங்க தம்பிக்குச் சட்டைப் பொத்தான் தைச்சுக் கொடுத்தா, என் முன்னாடியே இழுத்துப் பாத்துட்டுத்தான் போடுவான். வம்புக்குப் பண்றதுதான். அந்த வம்புதான் காப்பாத்தும்.”

மூன்றில் இதுவே சிறந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். இதில் உயிர் இருக்கிறது, தம்பி இருக்கிறான். ஆனால் இதை எழுத உட்கார்ந்தால், நான்காம் பகுதிக்குத் திரும்பிப் போய் அவன் குதிகாலை நகர்த்த வேண்டும். திரும்பிப் போய்ப் பார்த்தேன். அவன் படுத்திருக்கிறான்; அவள் தைத்துக்கொண்டிருக்கிறாள்; மடலுக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன். உள்ளே அவன் கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் வெளியிலிருந்து தைத்தவன். அவ்வளவு நன்றாகத் தைத்துவிட்டேன்.

9

“ஏதாவது ஆகியிருந்தா பேப்பர்ல வந்திருக்குமில்ல?” என்றாள் மனைவி.

பேப்பர் பார்த்தேன். விழாவுக்கு மறுநாள் வந்த இதழை இன்னும் வைத்திருக்கிறேன். முதல் பரிசு மீனுக்கு. படம் போட்டிருந்தார்கள், மேடையைக் கடக்கும்போது எடுத்த படம், வெளிச்சத்தில் எடுத்தது. படத்தின் அடியில் ‘தையலே தெரியாத முழுமை’ என்று போட்டிருந்தது. பரிசை யார் வாங்கினார்கள் என்று போடவில்லை. செய்தியின் கடைசி வரி இது:

‘சிறு அசம்பாவிதங்கள் தவிர்த்து விழா இனிதே நிறைவுற்றது.’

எத்தனையோ ஆண்டுகள் எத்தனையோ பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். இந்த வரியில் சுழிக்க எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் அந்த முதற்சொல்லைச் சுற்றிப் பேனா தானாகவே சுழித்தது. சிறு என்றால் எவ்வளவு சிறு? எவர் அளந்தார்? கோப்பையும் கடிகாரமும் இடித்துக்கொண்டதா? ஒருவர் கால் மிதிபட்டதா? கூட்டத்தில் ஒரு பிள்ளை தொலைந்து கிடைத்ததா? ஊர் முழுவதும் திரண்ட ஒரு விழாவில், ஒல்லியான ஒருவன் ஒரு மீனுக்குள் தூங்கிப் போவதை அந்தச் செய்தியாளர் எந்தச் சொல்லால் எழுதியிருப்பார்?

மனைவி அந்த வரியைப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு போய்க் கூடத்து விளக்கைப் போட்டாள். அப்போதும் பகல்தான்.

10

இனி, நான் கண்டது. இது கதையில்லை.

அவள் என் சட்டைக் கையைப் பற்றிக் கேட்டபோது நான் ஆற்றைப் பார்த்தேன். “புகையா இருக்கேம்மா” என்றேன். அதுதான் உண்மை, வெள்ளைப் புகை தண்ணீர்வரை இறங்கியிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. பிடி இன்னும் இறுகியது. நூல் சுற்றிய அந்த விரல் துணியைத் தாண்டி என் கையில் அழுந்தியது. “பாருங்கய்யா. வாலைப் பாருங்க” என்றாள்.

அடுத்த வெடி மிகப் பெரியது. அதன் அதிர்வு கம்பியில் தெரிந்தது, நெஞ்சில் தெரிந்தது. காற்று ஒருமுறை புரண்டு புகையைக் கிழித்தது. மீன் தெரிந்தது. அதன் வால் ஒரு பக்கமாகப் போயிற்று.

போயிற்று. ஒரு பக்கமாக. திரும்பி வந்ததா என்று பார்ப்பதற்குள் புகை மூடிவிட்டது. அவன் காலில் கட்டிய கயிறு இழுத்ததா, வெடியின் அதிர்வில் படகுகள் எல்லாமே ஆடினவா, எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற கடிகாரத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அது ஆடியதா என்று நான் பார்க்கவில்லை. நான் வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளிடம் சொல்லத் திரும்பினேன். அவள் இல்லை. கூட்டம் அவள் நின்ற இடத்தை மூடிக்கொண்டிருந்தது. துறைப்பக்கம் தலைகள் விலகுவதும் சேர்வதுமாக ஒரு தடம் ஓடியது. அவள்தான் போகிறாள் என்று எண்ணினேன். வால் அசைந்ததைப் பார்த்துவிட்டுப் போகிறாளா, பார்க்காமல் போகிறாளா என்பது அந்தத் தடத்தில் எழுதியிருக்கவில்லை. என் சட்டைக் கையில் ஒரு வெள்ளை நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. அது எந்தத் தையலின் நூல் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆறாம் பகுதியில் பாதியில் நிற்கும் வாக்கியத்தை முடிக்குமாறு மனைவி நாள்தோறும் சொல்கிறாள். “அந்தப் பொண்ணை எத்தனை நாள்தான் கரையிலயே நிக்க வைப்பீங்க?” என்கிறாள். ஒரே ஒரு பயனிலை. எனக்கு வராத பயனிலை இல்லை. ஆனால் அதை நான் எழுதினால் அது என் அச்சத்துக்கு நான் கொடுத்த மருந்தாகிவிடும்; அவளுக்கு அது பதிலாகாது. அன்று அவள் ஓர் ஆசிரியனிடம் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கேட்டாள். கண் இருந்த ஒருவரிடம் கேட்டாள்.

இப்போது பக்கத்தில் நிற்பது நீங்கள். அந்த வாக்கியத்தை உங்களுக்காகத் திறந்தே வைத்திருக்கிறேன், மூடித் தைக்கவில்லை. ஏழாம் பகுதியின் புகை இன்னும் அங்கேயே நிற்கிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே மிக அழகான ஒன்று வெடிக்கப் போகிறது. கரையே அண்ணாந்து ‘ஆ’ என்று சொல்லப் போகிறது. நீங்கள் அண்ணாந்து பார்க்காதீர்கள். அவள் உங்கள் சட்டைக் கையைப் பிடித்திருக்கிறாள்.

“அசையுதா?”